சோலார் ஃபீல்டுல புதுசா? இங்க எப்படிப் பேசணும்னு ஒரு வழிகாட்டி

நான் சோலார் வேலைக்கு வந்த மூணாவது வாரம், கையில மல்டிமீட்டரோட காம்பைனர் பாக்ஸ் (பல ஸ்ட்ரிங்கோட ஒயர் வந்து சேர்ற பெட்டி; ஸ்ட்ரிங்னா வரிசையா கோர்த்த மாட்யூல், மாட்யூல்னா சோலார் பேனல்) முன்னாடி நின்னுக்கிட்டு சீனியருக்கு போன் போட்டேன். "சார், இந்த ஸ்ட்ரிங்ல 28 மாட்யூல், ஒண்ணுக்கு 49.8 வோல்ட், கணக்குப்படி 1394 வரணும், மீட்டர்ல 1267 தான் காட்டுது, எங்கயோ ரெண்டு மாட்யூலை விட்டுட்டு மாட்டியிருக்காங்க போல."

அந்தப் பக்கம் பதட்டமே இல்ல. "மாட்யூல் டெம்பரேச்சர் எவ்வளவு?"

நான் பார்க்கவே இல்ல. தெர்மாமீட்டரை எடுத்துப் பின்பக்கம் காட்டினேன், 60 டிகிரி.

"பக்கத்து ஸ்ட்ரிங்?"

"1266 சார். அதுக்கு அடுத்தது 1269."

"அப்ப ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் கரெக்டா ரெண்டரை மாட்யூல் காணோம்ங்கிற. அந்த அரை மாட்யூலை எப்படிப்பா கழட்டிட்டுப் போனான்?"

விஷயம் இதுதான். டேட்டாஷீட்ல போட்டிருக்கிற 49.8 வோல்ட்ங்கிறது செல் 25 டிகிரில இருக்கும்போது, ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில் விழும்போது லேப்ல அளந்தது. சிலிக்கான் சூடாக சூடாக வோல்டேஜ் இறங்கும், அந்த மாட்யூலுக்கு டிகிரிக்கு 0.26 சதவீதம். 35 டிகிரி கூடுதல் சூட்டுக்கு 9.1 சதவீதம் போச்சு, 1394ல அதைக் கழிச்சா 1267. ஸ்ட்ரிங் அச்சு அசலா சரியா இருந்துச்சு, நான் சொன்ன விதம்தான் தப்பு.

அன்னிக்குப் புரிஞ்ச ஒரே விஷயத்தை வெச்சுத்தான் இந்த முழுக் கட்டுரையும். மத்த மிஷின்ல எல்லாம் ஒரு நம்பரை மட்டும் சொன்னா போதும், எதிராளுக்குப் புரிஞ்சுடும். இங்க அப்படி இல்ல. நீங்க அளந்த நிமிஷத்துல மேல இருந்த வெயில், சூடு, மேகம் எல்லாம் அந்த நம்பருக்குள்ள உக்காந்திருக்கு, போன்ல கேக்குற ஆளுக்கு அந்த வானம் தெரியாது. அதனால நம்பரோட வானத்தையும் சேர்த்து அனுப்பணும். சோலார்க்காரங்க பேசுற முறை முழுக்க இதைச் சுத்தித்தான் உருவாகியிருக்கு, அதை எப்படிப் பழகிக்கிறதுனு வரிசையா சொல்றேன்.

முதல் வாரம்: வார்த்தைகளைப் பொறுக்குங்க

வெளிய எல்லாரும் பேனல்னு சொல்றதை உள்ள மாட்யூல்னு சொல்லுவாங்க, பேனல்னு சொன்னா அடிக்க மாட்டாங்க, ஆனா எலக்ட்ரிகல் ஆளுங்களுக்கு பேனல்னா பிரேக்கர் இருக்கிற பெட்டி, ஒரே பேச்சுல ரெண்டும் வந்தா குழப்பம்தான். மாட்யூல்களை வரிசையா கோர்த்தா ஸ்ட்ரிங், பல ஸ்ட்ரிங் சேர்ந்தா அரே.

அடுத்து கிலோவாட், கிலோவாட் அவர். இதைக் குழப்பினா முதல் நாளே புது ஆள்னு தெரிஞ்சுடும். கிலோவாட் இந்த நிமிஷம் எவ்வளவு வேகமா வருதுனு சொல்றது, கிலோவாட் அவர் மொத்தமா எவ்வளவு வந்துச்சுனு சொல்றது. "இன்னிக்கு 40 கிலோவாட் உற்பத்தி"ன்னு ரிப்போர்ட்ல எழுதினா படிக்கிறவர் அதை பீக்னு எடுத்துக்குவார், நீங்க சொல்ல வந்தது நாள் மொத்தமா இருக்கும்.

மூணாவது, இதுதான் அனுபவசாலிகளையே மாட்டிவிடும், பிளான்ட் சைஸ் சொல்றது. "100 கிலோவாட் பிளான்ட்"னா எந்தப் பக்கம்? மாட்யூல் எல்லாத்தையும் கூட்டினா வர்ற டிசி கணக்கு வேற, அந்த டிசியை ஏசியா மாத்துற இன்வெர்ட்டரோட ஏசி கணக்கு வேற. 125 கிலோவாட் மாட்யூலை 100 கிலோவாட் இன்வெர்ட்டர்ல கோர்க்கிறது ரொம்ப சாதாரணம், டிசி ஏசி ரேஷியோ 1.25. நல்ல வெயில் மதியத்துல கிராஃப் மேல தட்டையா, கத்தியால சீவின மாதிரி இருக்கும், அது கிளிப்பிங், இன்வெர்ட்டர் தன் அளவுக்கு மேல விடாம நிறுத்துறது. வேணும்னே அப்படி டிசைன் பண்ணது. இதைப் பழுதுனு ரிப்போர்ட் பண்ணாத புது ஆளை நான் இன்னும் பார்க்கல. சைஸைச் சொல்லும்போது டிசியா ஏசியானு ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க.

பி.ஆர். (பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ, கீழ வரும்), பி.ஓ.ஏ. (மாட்யூல் தளத்துல விழுற வெயில்), எம்.பி.பி.டி. (ஸ்ட்ரிங்ல இருந்து அதிகபட்ச பவரை எடுக்குற இன்வெர்ட்டர் பகுதி), எஸ்.எல்.டி. (சிங்கிள் லைன் டயகிராம், பிளான்டோட மின் வரைபடம்)னு எழுத்துங்க பறக்கும். மீட்டிங்ல தலையாட்டிட்டு வந்து அப்புறம் திணறுறதுக்கு பதிலா அங்கயே கேட்டுருங்க. புதுசுல கேட்டா சொல்லித் தருவாங்க, ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்க.

கேள்வி கேக்குறது

"இன்வெர்ட்டர் ஓடலை, என்ன பண்றது?" இந்த மாதிரி மெசேஜ் குரூப்ல வந்தா யாரும் பதில் போட மாட்டாங்க. திமிர்லாம் இல்ல, பதில் சொல்ல அதுல ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் காரணம்.

நான் பார்த்த ஒரு நல்ல மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருந்துச்சு: "இன்வெர்ட்டர் 7, காலைல ஸ்டார்ட் ஆகும்போது லோ இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்னு ஃபால்ட் காட்டுது. மூணு நாளா வருது. பத்தரை மணிக்கு மேல தானா சரியாகி ஓடுது. மத்த ஆறு இன்வெர்ட்டர்லயும் இல்ல. இது வரைக்கும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணோம், வேற எதையும் தொடலை."

அஞ்சே நிமிஷத்துல ஒருத்தர் கேட்டார், "மூணு நாளா ராத்திரி மழையா, இல்ல பனியா?"

எப்படிப் பிடிச்சாருன்னா, இன்வெர்ட்டர் தினமும் காலைல கிரிட்டோட சேர்றதுக்கு முன்னாடி, டிசி ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல இன்சுலேஷன் நல்லா இருக்கானு தானே ஒரு செக் பண்ணும். எங்கயாவது கேபிள் தோல் உரிஞ்சிருந்தாலோ, கனெக்டருக்குள்ள தண்ணி போயிருந்தாலோ ஈரத்துல ரெசிஸ்டன்ஸ் விழுந்துடும், வெயில் ஏறிக் காய்ஞ்சதும் மறுபடி நல்லாயிடும். "பத்தரைக்கு மேல சரியாகுது"ங்கிற அந்த ஒரு வரிதான் இதைக் காட்டிக் கொடுத்துச்சு. அதை எழுதாம விட்டிருந்தா இன்வெர்ட்டரையே மாத்துங்கனு யாராவது சொல்லியிருப்பாங்க.

அதனால கேள்வி கேக்கும்போது என்ன ஃபால்ட் கோடு, எத்தனை மணிக்கு, எத்தனை நாளா, அப்ப வெயில் எப்படி, பக்கத்துல இருக்கிறது என்ன காட்டுது, நீங்க ஏற்கெனவே என்னத்தைத் தொட்டீங்க, இதெல்லாம் வந்துடணும். கடைசியைத்தான் எல்லாரும் மறைப்பாங்க. தொட்டதை ஒத்துக்குங்க, அதை மறைச்சா உதவி பண்றவங்க நேரம்தான் வீணாகும், எப்படியும் ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும்.

பக்கத்து ஸ்ட்ரிங்கோட நம்பரை எப்பவும் சேர்த்துப் போடுங்க. ஒரே வானத்துக்குக் கீழ இருக்கிற ரெண்டு ஸ்ட்ரிங்கைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா டெம்பரேச்சர், மேகம் எல்லாக் கணக்கும் அடிபட்டுப் போயிடும். தனியா எந்தக் கருவியும் வாங்காம செய்யக்கூடிய சிறந்த டெஸ்ட் இதுதான்னு நான் சொல்லுவேன்.

இடது பக்கம்னா எந்த இடது?

"மூணாவது வரிசை, இடது பக்கம் அஞ்சாவது மாட்யூல் உடைஞ்சிருக்கு." இதைக் கேட்டுட்டு ஒருத்தர் மாற்று மாட்யூலைத் தூக்கிட்டுப் போறார், அங்க நல்ல மாட்யூல்தான் இருக்கு. சொன்னவர் கண்ணாடிப் பக்கம் நின்னு பார்த்திருக்கார், போனவர் ஜங்ஷன் பாக்ஸ் பக்கம், அதாவது பின்னாடி நின்னு எண்ணியிருக்கார். இடமும் வலமும் மாறிடுச்சு. இது ஏதோ ஒரு தடவை நடக்கிற விஷயம் இல்ல, புது டீம் எங்க போனாலும் நடக்கும்.

திசையை வெச்சுச் சொல்லுங்க, கிழக்குக் கோடில இருந்து அஞ்சாவதுனு. அதைவிட நல்லது டிராயிங்ல இருக்கிற பேரை வெச்சுச் சொல்றது: இன்வெர்ட்டர் 3, எம்.பி.பி.டி. 2, ஸ்ட்ரிங் 5, பாசிட்டிவ் முனைல இருந்து 11வது மாட்யூல். டிராயிங்கும் சைட்டும் ஒத்துப் போகலைனா (நிறைய இடத்துல போகாது) முதல் வேலையா அதைச் சரி பண்ணி ஆஸ்பில்ட் டிராயிங்கை, அதாவது உண்மையில கட்டினபடி காட்டுற டிராயிங்கைத் திருத்தச் சொல்லுங்க. பிளான்டை முதல்ல ஓட வைக்கிற கமிஷனிங் டாக்குமெண்ட்ல என்னென்ன இருக்கணும், என்ன டெஸ்ட் பண்ணியிருக்கணும்னு ஐ.இ.சி. 62446-1ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்ட் சொல்லுது, அதை ஒரு தடவை படிச்சுட்டா ஹேண்ட்ஓவர் மீட்டிங்ல எதைக் கேட்டு வாங்கணும்னு தெரிஞ்சுடும்.

நேரத்துலயும் இதே கூத்து உண்டு. நம்பர்களைப் பதிவு பண்ற டேட்டா லாகர் எந்த நேரத்துல ஓடுது, லோக்கல் டைமா, யு.டி.சி.ங்கிற உலகப் பொது நேரமா? 10:15னு போட்டிருக்கிற வரி பத்தேகால்ல ஆரம்பிச்ச கால்மணி நேரமா, முடிஞ்ச கால்மணி நேரமா? சின்ன விஷயம்தான், ஆனா வெயில் டேட்டா ஒரு மிஷின்லயும் கரண்ட் டேட்டா வேற மிஷின்லயும் இருந்து ரெண்டும் கால்மணி நேரம் நகர்ந்திருந்தா, காலைல பிளான்ட் சூப்பராவும் சாயங்காலம் மட்டமாவும் ஓடுற மாதிரி ஒரு மாயம் தெரியும். அதை வெச்சு ஒரு வாரம் மண்டையை உடைச்சவங்களை எனக்குத் தெரியும், சரி, அதுல நானும் ஒருத்தன்.

போட்டோ

முதல்ல தூரத்துல இருந்து ஒண்ணு, அப்புறம் கிட்ட, அப்புறம் நேம்பிளேட் அல்லது சீரியல் நம்பர். மூணும் இருந்தாத்தான் போட்டோ. வெறும் கருகின கனெக்டரை மட்டும் குளோஸப்ல எடுத்து அனுப்பினா அது எந்த பிளான்ட்ல எந்த மூலைல இருக்குனு எடுத்தவருக்கே அடுத்த வாரம் மறந்துடும்.

கனெக்டர் பேச்சு வந்துச்சுன்னா இதையும் சொல்லிடறேன். எம்.சி.4னு எல்லாரும் சொல்றோம், ஆனா அது முதல்ல மல்டி காண்டாக்ட்ங்கிற கம்பெனி, இப்ப ஸ்டாப்லி, அவங்களோட ஒரு பொருளோட பேரு. அதே மாதிரி இருக்கிற எல்லாத்தையும் பழக்கத்துல எம்.சி.4னு கூப்பிட்டு, ஒரு மேக் ஆண் கனெக்டரை இன்னொரு மேக் பெண் கனெக்டர்ல சொருகிடறாங்க. உள்ள போயிடும், கிளிக்னு சத்தமும் வரும், ஆனா காண்டாக்ட் சரியா உக்காராம வருஷம் போகப் போக சூடாகி உருக ஆரம்பிக்கும். அதனால "எம்.சி.4 போட்டிருக்கு"ங்கிறது தகவலே இல்ல, ரெண்டு பக்கமும் என்ன மேக்னு எழுதணும்.

தெர்மல் கேமரா படம்னா இன்னும் கறார். மேகமூட்டத்துல எடுத்த படத்துல எல்லா மாட்யூலும் சாதுவா இருக்கும், ஹாட்ஸ்பாட், அதாவது கூடுதலா சூடான இடம் தெரியாது. குறைஞ்சது 600 வாட் வெயில் மாட்யூல் மேல விழும்போது எடுக்கணும்னு ஐ.இ.சி. 62446-3 சொல்லுது. அந்த வெயில் அளவு, நேரம், ஸ்ட்ரிங் லோடுல இருந்துச்சா ஓப்பன்ல இருந்துச்சா, இதெல்லாம் எழுதாத தெர்மல் படம் அழகா இருக்கும், அவ்வளவுதான். மாட்யூல்ல மூணுல ஒரு பங்கு மட்டும் பட்டையா லேசா சூடா தெரிஞ்சா பெரும்பாலும் ஒரு பைபாஸ் டயோடு (பழுதான, நிழல் பட்ட செல்களைத் தாண்டி கரண்டை விடுறது) சம்பந்தப்பட்ட கதை, ஏன்னா வழக்கமா ஒரு மாட்யூல்ல மூணு டயோடு இருக்கும், ஒண்ணொண்ணும் மூணுல ஒரு பங்கு செல்லுக்கு.

"ஆஃப் பண்ணிட்டேன்"

இந்த இடத்துல மட்டும் நான் கொஞ்சம் கடுமையா பேசுவேன், பொறுத்துக்குங்க. சோலார்ல ஆஃப்ங்கிற வார்த்தைக்குத் தனியா அர்த்தமே கிடையாது. வெயில் இருக்கிற வரைக்கும் மாட்யூல் ஆஃப் ஆகாது. இன்வெர்ட்டரை நிறுத்தினாலும், டிசி ஐசோலேட்டரை (டிசி பக்கத்தைப் பிரிக்கிற சுவிட்சை) திருப்பினாலும், அதுக்கு முன்னாடி மாட்யூல் பக்கம் இருக்கிற ஒயர்ல நூத்துக்கணக்குல, பெரிய பிளான்ட்ல ஆயிரத்துக்கு மேலகூட வோல்ட் அப்படியே நிக்கும். கரண்ட் ஓடிட்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினா ஆர்க் (காத்துல பாயுற மின்தீ) அடிக்கும், ஏசியா இருந்தா செகண்டுக்கு நூறு தடவைக்குக் குறையாம ஜீரோவைத் தொட்டுட்டுப் போறதால ஆர்க் அணையறதுக்கு வாய்ப்பு இருக்கு, டிசில அந்த ஜீரோ வரவே வராது, இழுத்துக்கிட்டே எரியும்.

அதனால ரேடியோலயோ போன்லயோ இப்படித்தான் பேசிக்கணும்:

"இன்வெர்ட்டர் 4 ஸ்டாப் பண்ணி, ஏசி பிரேக்கர் ஓப்பன், டிசி ஐசோலேட்டர் ஓப்பன், என் பூட்டு போட்டிருக்கேன், சாவி என்கிட்ட. கிளாம்ப் மீட்டர்ல ஸ்ட்ரிங் 1ல இருந்து 6 வரைக்கும் ஜீரோ ஆம்பியர்."

"இன்வெர்ட்டர் 4, ஏசி ஓப்பன், டிசி ஓப்பன், உங்க பூட்டு, ஆறு ஸ்ட்ரிங்கும் ஜீரோ ஆம்பியர். சரியா?"

"சரி."

கேட்டவர் திருப்பிச் சொல்றது ஏதோ சடங்கு மாதிரி தெரியும், முதல் ரெண்டு நாள் சிரிப்புகூட வரும். ஆனா 4ங்கிறது 14னு கேட்டுச்சா இல்லையானு கண்டுபிடிக்க வேற வழி இல்ல. "சரி சரி, புரிஞ்சுது"னு மட்டும் சொல்ற ஆளோட வேலை பார்க்காதீங்க, சீனியரா இருந்தாலும் "ஒரு தடவை திருப்பிச் சொல்லிடுங்க அண்ணா"னு கேளுங்க, நல்ல சீனியர் கோவிச்சுக்க மாட்டார்.

யாருகிட்ட எந்த பாஷை

சைட்ல இருக்கிறவருக்கு வோல்ட், ஆம்பியர். டிசைனருக்கு குளிர் நாள் கணக்கு. ஓனருக்கும் கடன் கொடுத்தவருக்கும் பி.ஆர்., அவெய்லபிலிட்டி (பிளான்ட் எவ்வளவு நேரம் ஓடத் தயாரா இருந்துச்சுங்கிறது), பி50, பி90. எல்லாரும் ஒரே பிளான்டைப் பத்தித்தான் பேசறாங்க, ஆனா ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது, நடுவுல மாட்டுறது நீங்க.

டிசைனர்கிட்ட ஏன் குளிர்னா, என் கதைல வந்த அதே 28 மாட்யூல் ஸ்ட்ரிங்கை எடுத்துக்குங்க. மைனஸ் 10 டிகிரி வரைக்கும் இறங்குற இடத்துல அது 9.1 சதவீதம் ஏறி 1521 வோல்ட் ஆயிடும், சிஸ்டம் லிமிட் 1500னா போச்சு. 27 போட்டா 1467, பிழைச்சோம். சைட்ல "இங்க ஒரு மாட்யூலுக்கு இடம் இருக்கு, சேர்த்துக்கலாமா"னு யாராவது கேட்டா நீங்களா சரினு சொல்லிடாதீங்க, அது டிசைனர்கிட்ட எழுத்துல போகவேண்டிய கேள்வி.

ஓனர்கிட்ட "நேத்து உற்பத்தி குறைஞ்சுடுச்சு"னு சொன்னா அவர் பயந்துடுவார். மேகமா இருந்தா குறையத்தான் செய்யும். அதுக்குத்தான் பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ. 1000 கிலோவாட் டிசி பிளான்ட், மாட்யூல் தளத்துல நாள் முழுக்க விழுந்த வெயில் சதுர மீட்டருக்கு 5.5 கிலோவாட் அவர், அப்ப நஷ்டமே இல்லைனா 5500 வரணும், மீட்டர்ல 4400 வந்துச்சு, பி.ஆர். 80 சதவீதம். வெயில் பாதியாகி உற்பத்தியும் பாதியானா பி.ஆர். ஏறக்குறைய அப்படியே நிக்கும், ஓனரும் நிம்மதியா இருப்பார்.

ஆனா பி.ஆர். திடீர்னு ஏறிச்சுனா உடனே கேக் வெட்டாதீங்க. வெயிலை அளக்குற பைரனோமீட்டர் மேல தூசி படிஞ்சா அது வெயிலைக் கம்மியா காட்டும், கீழ வகுக்கிற நம்பர் சின்னதாகும், பி.ஆர். பிரமாதமா ஏறும். மாட்யூலை மட்டும் கழுவிட்டு சென்சாரைத் துடைக்க மறந்த டீமோட ரிப்போர்ட்தான் மாசா மாசம் முதல் பரிசு வாங்கும். அதே மாதிரி வெயில் காலத்துல சூட்டால பி.ஆர். கொஞ்சம் இறங்கும், இது இயல்புனு ஒரு வரி சேர்த்து எழுதிடுங்க, இல்லைனா போன் வரும்.

பி50, பி90 ரெண்டு வரில: பி50ங்கிறது தாண்டறதுக்கும் தாண்டாததுக்கும் பாதிப்பாதி வாய்ப்பு இருக்கிற வருஷ உற்பத்தி, பி90ங்கிறது பத்துல ஒம்பது பங்கு வாய்ப்போட தாண்டிடக்கூடிய கம்மியான நம்பர். கடன் கொடுக்கிறவங்க ரெண்டாவதைத்தான் உத்துப் பார்ப்பாங்க.

வெளிய எவ்வளவு சொல்லலாம்

இந்தத் துறைல ஆளுங்க தாராளமா சொல்லித் தருவாங்க, அதுக்காக கிளையன்ட் பேர், லொகேஷன், லாகின் தெரியுற ஸ்க்ரீன்ஷாட்டை அப்படியே போட்டுடாதீங்க. ஒரே ஒரு உடைஞ்ச மாட்யூல் படத்தை வெச்சு "இந்தக் கம்பெனி மாட்யூலே மோசம்"னு எழுதறதும் வேண்டாம். உடைஞ்சது தயாரிப்புலயா, லாரிலயா, கிளாம்பை இறுக்கினவர் கையிலயானு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாரண்டி கிளெய்ம் போகப்போகுதுனா வெளிய பேசாம இருக்கிறது இன்னும் நல்லது.

விக்கிறவங்களும் கூடவே இருப்பாங்க, அதுல தப்பு இல்ல, சில சமயம் அவங்களுக்குத்தான் உண்மையான பதில் தெரியும். யார் எங்க வேலை பார்க்குறாங்கனு தெரிஞ்சுக்கிட்டு கேளுங்க, அவ்வளவுதான். சண்டைகளும் உண்டு: மாட்யூலுக்குப் பக்கத்துலயே மாட்டுற மைக்ரோ இன்வெர்ட்டரா ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரா, சூரியன் பின்னாடியே மாட்யூலைத் திருப்புற டிராக்கர் வேணுமா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை கழுவணும். இதுல எல்லாம் ரெண்டு பக்கமும் அவங்கவங்க சைட்டை மனசுல வெச்சுப் பேசறாங்க, அதனால "எந்த மாதிரி சைட்டுக்கு?"னு கேட்டா பாதிச் சண்டை முடிஞ்சுடும்.

எங்க காது கொடுக்கிறது

பெரிய அளவுல இந்த ஆளுங்க கூடிப் பேசற இடங்கள்ல ரொம்பப் பழசு ஐ.இ.இ.இ.ங்கிற இன்ஜினியர்கள் சங்கம் நடத்துற போட்டோவோல்டாயிக் (சோலார் மின்சார) மாநாடு, 1961ல ஆரம்பிச்சது. இன்டர்நேஷனல் எனர்ஜி ஏஜென்சியோட பி.வி.பி.எஸ்.ங்கிற சோலார் புரோகிராம் 1993ல இருந்து ஓடுது, அதுல டாஸ்க் 13ங்கிற குழு போடுற ரிப்போர்ட்டுங்க மாட்யூல் எப்படியெல்லாம் பழுதாகும், பிளான்ட் நம்பரை எப்படிப் படிக்கணும்னு விலாவாரியா சொல்லும், இலவசம். உங்க இடத்துக்கு எவ்வளவு வெயில்னு பார்க்க ஐரோப்பிய கமிஷனோட பி.வி.ஜி.ஐ.எஸ்.ங்கிற வெப்சைட் இருக்கு. கோடு எழுத வந்தா சோலார் கணக்குப் போட பி.வி.லிப்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அமெரிக்காவோட சாண்டியா லேப்ல ஆரம்பிச்ச வேலை, இப்ப உலகம் பூரா இருந்து ஆளுங்க சேர்ந்து வளர்க்கிறாங்க. அதுல யார் என்ன ஃபார்முலாவை ஏன் மாத்தினாங்கனு அவங்க விவாதிக்கிறதைப் படிச்சாலே, சோலார்க்காரங்க மரியாதையா எப்படி மறுத்துப் பேசறாங்கனு கத்துக்கலாம்.

கடைசியா, என்னாச்சுனு சொல்லுங்க

கேள்வி கேட்டு, பதில் வாங்கி, சரியானதும் காணாம போயிடறதுதான் இங்க பெரிய வியாதி. இன்வெர்ட்டர் 7 கேட்டவர் அப்படிப் பண்ணலை. நாலு நாள் கழிச்சு அவரோட மெசேஜ் வந்துச்சு:

"முதல் நாள் 11 மணிக்குப் போனோம், எல்லாம் காய்ஞ்சு போய் ஒண்ணும் சிக்கல. மறுநாள் விடிஞ்சதும் போய் ஸ்ட்ரிங்குகளை இன்வெர்ட்டர்ல இருந்து பிரிச்சு ஒவ்வொண்ணா அளந்தோம். ஸ்ட்ரிங் 2, மொத்தம் 20 மாட்யூல், 760 வோல்ட். பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் 228, நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் 532. மாட்யூலுக்கு 38 வோல்ட், 228ஐ 38ஆல வகுத்தா 6, அதனால பழுது பாசிட்டிவ்ல இருந்து ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவுல. போய்ப் பார்த்தா அங்க கேபிள் டை அறுந்து, ஒயர் தொங்கி, ஸ்ட்ரக்சர் விளிம்புல உரசித் தோல் உரிஞ்சு கிடந்துச்சு. மாத்திட்டோம். இன்னிக்கு ராத்திரியும் மழை, காலைல ஆறே முக்காலுக்கு ஃபால்ட் இல்லாம ஸ்டார்ட் ஆச்சு. படம் மூணு கீழ."

மழையானு கேட்டவர் ஒரே வரி பதில் போட்டார்: "மத்த வரிசைலயும் கேபிள் டை எல்லாம் அதே லாட்டா, பார்த்தீங்களா?"